வெற்றிலையின் தாகத்துக்கு ஆதாரம்

விதி ஏழு: "நிரலில் உள்ள ஓர் எண் அட்டையை மாற்றுகிறவர், அதற்கு மேலே இருக்கும் ஆதார அட்டையையும் அதே கையோடு மாற்ற வேண்டும். எண் மாறாதபோது ஆதார அட்டையைத் தொடக் கூடாது."

எங்கள் பிரிவில் இதுபோல ஒரு டஜன் விதிகள் இருந்தன. செருப்பை எங்கே கழற்றுவது, அட்டைப் பெட்டியை மழையில் எப்படித் தூக்குவது, கணிப்பொறி அறைக்குள் முறுக்கு கொண்டுபோகலாமா என்பது பற்றியெல்லாம் மற்ற விதிகள் பேசின. அவற்றை எல்லோரும் பயபக்தியோடு கடைப்பிடித்தார்கள். ஏழாவதை மட்டும் ஒருவர் ஒரே ஒருமுறை மீறினார். அந்த ஒரு முறையில் சோழவந்தான் வெற்றிலைக்கு வந்த கஷ்டத்தைத்தான் எழுதப்போகிறேன்.

எழுதச் சொன்னது எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண். மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலை. போன மாதம் காய்கறி வண்டிக்கு முன்னால் நின்றபடி, "நல்ல புரோகிராம் தன்னைத் தானே விளக்கிக்கும் ஆன்ட்டி. கமென்ட் எழுதுறதே ஒரு தோல்விதான்" என்றாள்.

"பூஜ்யம் புள்ளி ஆறு" என்றேன்.

"என்னது?"

"தன்னைத் தானே விளக்கிக்கச் சொல்லு."

கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு, தங்கள் அலுவலக இதழுக்கு இதை எழுதித் தரும்படி கேட்டாள். ஓய்வு பெற்றவர்களிடம் எதையும் எழுதித் தரச் சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரும் விதி போட்டிருக்கவில்லை.

என் படிப்புக் காலத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். மதுரையில் கணிதத்தில் முதுகலை படித்தேன். அரசுத் துறையொன்றின் நீர்ப்பங்கீட்டுக் கணக்குப் பிரிவில் எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்தது. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் மொழியான ஃபோர்ட்ரானைக் கற்றுவர என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரு சான்றிதழும், குளிரூட்டிய அறை தந்த ஜலதோஷமுமாகத் திரும்பினேன். ஜலதோஷம் முதலில் போனது.

எங்களுக்குச் சொந்தக் கணிப்பொறி கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் இருந்த இயந்திரத்தில் செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சொந்தமாக இருந்தது அட்டை துளைக்கும் இயந்திரம் ஒன்று. அதை இயக்க பாலு அண்ணன். ஒரு வரி நிரலுக்கு ஓர் அட்டை. நிரல் என்பது செங்கல் செங்கலாக அடுக்கிய அட்டைக் கட்டு. அட்டையில் மேலிருந்து கீழாக எண்பது பத்திகள் உண்டு. முதல் பத்தியில் சி என்ற ஆங்கில எழுத்தைத் துளைத்துவிட்டால் இயந்திரம் அந்த அட்டையைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போய்விடும். அதுதான் குறிப்பு அட்டை. இன்றைய பிள்ளைகள் கமென்ட் என்பது. அட்டையின் கடைசி எட்டுப் பத்திகளையும் இயந்திரம் பார்க்காது. அங்கே அட்டை துளைத்த தேதியைப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

வழக்கங்களை எல்லாம் உண்டாக்கியவர் எங்கள் பிரிவுத் தலைவர் சிவசுப்பிரமணியம் சார். திருநெல்வேலிக்காரர், புள்ளியியல் படித்தவர். வெள்ளைச் சட்டை, மேசை மேல் வெள்ளி வெற்றிலைப் பெட்டி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "தப்பு" என்று யாரிடமும் சொன்னதில்லை. நிரலின் அச்சுப் பிரதியை வாங்குவார், கணக்கு வரிகளை விட்டுவிட்டுக் குறிப்பு வரிகளை மட்டும் முதலில் படிப்பார், ஓர் எண்ணின் மேல் விரலை வைப்பார், மெல்லக் கேட்பார்:

"யாரு சொன்னது?"

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்கு எங்கள் பிரிவே நடுங்கும். நிரலில் வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும், ஒவ்வொரு சூத்திரத்துக்கும் தலைக்கு மேல் ஒரு குறிப்பு அட்டை, அதாவது ஆதார அட்டை, இருக்க வேண்டும். அதில் எந்த ஆராய்ச்சியாளர், எந்தக் கட்டுரை, எந்தப் பத்திரிகை, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் எந்த அட்டவணை, அட்டவணையில் எத்தனையாவது வரிசை என்பதெல்லாம் இருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு சூத்திரத்துக்கு மேல் "தரமான பாடநூல்" என்று எழுதி வைத்தேன். சார் பார்த்தார்.

"இந்தத் தரத்தைப் பாத்தது யாரு, கல்யாணி?"

"நான்தான் சார்."

"அப்ப உங்க பேரைப் போட்டிரலாமே. நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா நேரா உங்க வீட்டுக்கு வந்திருவாங்க."

அன்று மாலையே பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ப் பக்க எண்ணோடு வந்தேன்.

சாருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. முடிந்த அட்டைக் கட்டை மேசையில் தட்டிச் சீராக்கி, மேல் விளிம்புகளின் மீது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நீல மையால் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். கட்டு கீழே விழுந்து கலைந்தால் கோட்டை வைத்து மறுபடி அடுக்கிவிடலாம். பெட்டி தூக்குகிற எல்லா ஊரிலும் இது உண்டு. ஆனால் சார் அந்தக் கோட்டை இழுக்கும்போது ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்போல மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவர் ஒருமுறை, கையேட்டைப் படித்துவிட்டு, "இயந்திரம் பார்க்காத அட்டைகளுக்கு ஏன் அட்டை செலவு?" என்று கோப்பில் கேட்டார். "இயந்திரம் பார்க்காததைத் தாங்கள் பார்த்தீர்கள் அல்லவா, அதற்காகத்தான்" என்று சார் பதில் எழுதினார். அந்தக் கோப்பு திரும்பி வரவில்லை.

இனி வெற்றிலை.

மழை பொய்த்த ஒரு வருஷம். வாய்க்காலில் இருக்கிற தண்ணீரை முறைவைத்து விடுவதற்கு எங்கள் நிரல்தான் கணக்குப் போடும். எந்தப் பயிருக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் என்று அது சொல்லும். அதற்கு ஒவ்வொரு பயிருக்கும் ஓர் எண் தேவை. பயிர்க் கெழு என்று பெயர். நாங்கள் தாக எண் என்போம். எண் பெரிதானால் தாகம் பெரிது. நெல், கரும்பு, பருத்திக்கெல்லாம் முன்பே இருந்தது. வெற்றிலைக்கும் ஒன்று அட்டைக் கட்டுக்குள் சும்மா கிடந்தது. அந்த வருஷம்தான் முதன்முதலாகச் சோழவந்தான் கொடிக்கால்களையும் கணக்கில் சேர்த்தோம். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். நிரல் கணக்குப் போட்டது, மேற்பார்வைப் பொறியாளர் கையெழுத்திட்டார், முறை அமலுக்கு வந்தது.

சில வாரத்தில் முத்திருளாண்டி வந்தார்.

கொடிக்கால்காரர்கள் சங்கத் தலைவர். ஆள் உயரம், மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. தோளிலிருந்த துண்டை விரித்து, மேசையில் ஒரு கவுளி வெற்றிலையைக் கொட்டினார். பச்சை ஒன்றுகூட இல்லை. மஞ்சளும் பழுப்புமாக, ஓரம் சுருண்டு கிடந்தது.

"ஏந்தாயி, ஒங்க மிசினுக்கு வெத்தலை போடுற பழக்கம் இல்லையா?"

"என்ன ஆச்சுங்கய்யா?"

"என்ன ஆச்சா? நெல்லுக்கு நாளும் கெழமையும் பாத்துத் தண்ணி விடுறீக. எங்களுக்கு மட்டும் விருந்தாளி வந்தாப்புல எப்பவோ ஒருக்க வருது. கொடி அம்புட்டும் தலையைத் தொங்கப் போட்டுருச்சு. இன்னும் ரெண்டு மொறை இப்புடிப் போச்சுன்னா கொடிக்காலைப் பிடுங்கிப்புட்டுத்தான் ஒக்காரணும். மறுபடி நட்டு, இலை கிள்ள வருஷமாகும். அதுவரைக்கும் ஒங்க மிசினா சோறு போடும்?"

சார் உள்ளேயிருந்து வந்து, கொட்டிக் கிடந்ததில் ஓர் இலையை எடுத்து, காம்பைத் தடவிப் பார்த்தார். முகத்தில் நிஜமான துக்கம். அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை வெற்றிலை போடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருக்கைக்குத் திரும்பியவர் கோப்பைத் திறந்து முதல் குறிப்பாக இப்படி எழுதினார்: "இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த நலன் உண்டு. நான் வெற்றிலை போடுகிறவன். எனவே ஆய்வை எனக்குப் பதிலாகக் கல்யாணி செய்வார்." கோப்பில் இப்படி எழுதிய அதிகாரியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நான் அச்சுப் பிரதியைப் புரட்டினேன். வெற்றிலை: 0.6. கரும்பின் எண்ணில் பாதிக்குச் சற்று மேல். மேலே ஆதார வரி கம்பீரமாக இருந்தது. வங்காளத்தில் வெற்றிலைப் பயிரை ஆராய்ந்த ஒரு பேராசிரியரின் பெயர், பத்திரிகை, தொகுதி, பக்கம், மூன்றாம் அட்டவணை, கடைசி வரிசை. சார் பெங்களூருக்கு ஒரு பயிற்சிக்குப் போனபோது அங்கே ஒரு நூலகத்தில் பார்த்துக் குறித்துவந்தது.

அதை எடுத்துக்கொண்டு பாலு அண்ணனும் நானும் மேற்பார்வைப் பொறியாளரிடம் போனோம். நல்ல மனிதர், ஆனால் தாளை நம்புகிறவர்.

"கொடி காயுது சார். எண்ணை மறுபடி பாக்கணும், அதுவரைக்கும் முறையை மாத்திக் குடுங்க" என்றேன்.

அவர் ஆதார வரியை வாய்விட்டுப் படித்தார். "பேராசிரியர் பேர் இருக்கு. தொகுதி இருக்கு. பக்கம் இருக்கு. வரிசைகூட இருக்கு. உங்க ஆபீஸ்தான எழுதினது?"

"ஆமா சார்."

"அப்ப நான் ஆராய்ச்சியை நம்பவா, அந்த மீசைக்காரரை நம்பவா? வெயில் காலத்துல எல்லாப் பயிரும்தான் வாடும். இதைவிட நல்ல ஆதாரம் கொண்டாங்க, அந்த நிமிஷமே மாத்துறேன்."

வெளியே வந்ததும் பாலு அண்ணன், "நம்ம போட்ட பூட்டு, தங்கச்சி. சாவி நம்மகிட்டயே இல்லை" என்றார். ஒழுங்காக ஆதாரம் எழுதுகிற அலுவலகத்துக்கு இப்படி ஓர் ஆபத்து உண்டு. ஆதாரம் எழுதாத அலுவலகமாக இருந்திருந்தால் எங்கள் எண்ணை அவர் எப்போதோ தூக்கி எறிந்திருப்பார்.

சாரிடம், "கட்டுரையில இருந்த எண் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுக்கு மேலன்னு ஒரு ஞாபகம்" என்றவர் உடனே கையை உயர்த்தினார். "எழுதாதீங்க. ஞாபகம் ஆதாரமில்லை. ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்னுதான அட்டையில எழுதுறோம்."

பழைய அச்சுப் பிரதி இருந்தால் பார்த்திருக்கலாம். பழைய தாள்களை எல்லாம் எடைக்குப் போட்டிருந்தார்கள். எடைக்கடையிலிருந்து அவை சிவகாசிக்குப் போகும். எங்கள் பிரிவின் பல வருஷக் கணக்கு அந்தத் தீபாவளிக்கே வெடித்துச் சிதறியிருந்தது. பெங்களூர் நூலகத்துக்குத் தந்தி கொடுத்தேன். "அந்தத் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. திரும்பியதும் தெரிவிக்கிறோம்" என்று பதில் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை அது பைண்டிங்கிலேயே இருந்தது.

மிச்சம் இருந்தது அட்டைக் கட்டு ஒன்றுதான். பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தேன். எந்த அட்டையையும் எடுக்கவில்லை, மேலிருந்து பார்த்தேன். சாரின் நீலக்கோடு ஒரு மூலையில் தொடங்கி அழகாகச் சாய்ந்து போனது. பயிர்களின் பகுதிக்கு வந்ததும் ஓரிடத்தில், முடி அகலத்துக்கு, வெள்ளையாக வெட்டுப்பட்டு, மறுபடி தொடர்ந்தது. அந்த வெள்ளை அட்டையை உருவினேன். வெற்றிலை. அதற்கு மேலிருந்த ஆதார அட்டையின் விளிம்பில் நீலப் புள்ளி இருந்தது. கடைசி எட்டுப் பத்தியில் தேதியும் இருந்தது. எண் அட்டையில் நீலமும் இல்லை, தேதியும் இல்லை.

ஆதாரம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்க, அதன் கீழே எண்ணை யாரோ மாற்றிப்போயிருக்கிறார்கள். பேராசிரியர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாலு அண்ணன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பார்த்தார். "இது என் கை இல்லை, தங்கச்சி. நான் லீவுல இருந்தப்ப மிசின்ல விளையாண்டது ஒரே ஒருத்தந்தான். வா, திருமங்கலத்துக்கு."

ரவீந்திரன் எனக்கு முன்பு நிரல் எழுதியவர். வங்கி வேலை கிடைத்ததும் திருமங்கலத்துக்குப் போய்விட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி வங்கிக்குள் நுழைந்தோம். கூட்டத்துக்கு நடுவே பாலு அண்ணன் வரிசையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"மாப்ள! இந்த அட்டை யாருதுடா?"

ரவீந்திரன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அட, வாங்கண்ணே! இது என்னுதுதான். கடலைக்குப் போட்டு ஓட்டிப் பாத்தேன். கடலைக்கு வரிசை இல்லையேன்னு, சும்மா கிடந்த வெத்தலை வரிசையில வெச்சுப் பாத்தேன். வெத்தலையைத்தான் யாரும் கணக்குல சேக்கலையே."

"இப்பச் சேத்துட்டாய்ங்கடா. வெத்தலைக்குக் கடலைத் தண்ணி ஊத்திட்டியேடா, பாவி!"

"அய்யய்யோ. கொடி என்னாச்சு?"

"கடலையாட்டம் மண்ணுக்குள்ள போகப் பாக்குது."

ரவீந்திரன் வாயில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "சிரிக்கிறதை அப்பறம் வெச்சுக்கங்க தம்பி, என் பாஸ்புக்கைக் குடுங்க" என்றார். பழைய வெற்றிலை அட்டை எங்கே என்று கேட்டேன். அதன் முதுகில் டீக்கணக்கு எழுதியதாக ஞாபகம் என்றார். நல்லவேளை, ஞாபகம் ஆதாரமில்லை.

ஆக, 0.6 தவறு என்பதற்கு ஆதாரம் கிடைத்தது. சரியான எண் எது என்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. வெள்ளிக்கிழமை அடுத்த முறைக்கான கணக்கு ஓட வேண்டும். அதை விட்டால் கொடிக்கால் போய்விடும். ஆதாரம் இல்லாத எண்ணுக்குப் பொறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். சார் அதை எழுதவே விடமாட்டார். சொந்த நலன் இருப்பதாக எழுதி வைத்துவிட்டதால் இந்த முறை வழக்கத்தைவிடக் கறாராக இருந்தார்.

மறுநாள் சாரும் நானும் ஜீப்பில் சோழவந்தானுக்குப் போனோம். கொடிக்கால் வரப்பில் முத்திருளாண்டி நின்றிருந்தார்.

"நல்ல தண்ணியிருக்கிற வருஷத்துல, இதே மாசத்துல, எத்தனை நாளைக்கு ஒருக்கப் பாய்ச்சுவீங்க?" என்று கேட்டேன்.

"நாலு நாளைக்கு ஒருக்க. மண்ணு காயவே விடமாட்டோம்."

சார் தன்னையறியாமல் கேட்டுவிட்டார். "யாரு சொன்னது?"

முத்திருளாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரு சொல்லணும்? நாந்தேன் சொல்றேன்."

சார் அந்த வாடிய கொடிகளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "கல்யாணி, நம்ம விதியில 'அச்சிட்ட ஆதாரம்'னு இருக்கா, 'ஆதாரம்'னு இருக்கா?"

"ஆதாரம்னுதான் சார் இருக்கு."

"எழுதினது யாரு?"

"நீங்கதான் சார்."

"நல்லவேளை" என்றார். "இவர் சொல்றது சரியான்னு நமக்குத் தெரியாது. ஆனா இவர்தான் சொன்னார்ங்கிறது நிச்சயம் தெரியும். அதை அப்படியே எழுதுங்க."

நாலு நாள் இடைவெளியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எண்ணைக் கண்டுபிடித்தேன். 1.1 வந்தது. 0.6 அட்டையையும் பழைய ஆதார அட்டையையும் எடுத்துவிட்டு, எண்ணுக்கு ஒன்றும் ஆதாரத்துக்கு இரண்டுமாக மூன்று புது அட்டை துளைத்தோம். "இந்தப் பேருக்கே அரை அட்டை போச்சு" என்று பாலு அண்ணன் முனகினார். ஆங்கிலத்தில் இருந்த வாசகத்தின் தமிழ் இது: "ஆதாரம்: முத்திருளாண்டி, சோழவந்தான் கொடிக்கால்காரர்கள் சங்கம். நேர்ப்பேச்சு. அச்சில் இல்லை. சரிபார்க்கவில்லை. கட்டுரை கிடைக்கும்வரை."

பொறியாளர் அதைப் படித்தார். "நேர்ப்பேச்சுன்னா?"

"ஆராய்ச்சிப் பத்திரிகைகள்லயே அப்படிப் போடுறது வழக்கம் சார். அச்சில வராததை ஒருத்தர் நேர்ல சொன்னா, சொன்னவர் பேரைப் போடணும்" என்றார் சார். அது உண்மைதான். பிறகு நீலக்கோட்டில் இருந்த வெட்டையும் காட்டினேன். பொறியாளர் அட்டைக் கட்டை ரொம்ப நேரம் மேலிருந்து பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

தண்ணீர் போனது. கொடி நிமிர்ந்தது. முத்திருளாண்டி இம்முறை பச்சை வெற்றிலையோடு வந்தார். "கோப்பை மூடுற வரைக்கும் நான் தொடக் கூடாது" என்றார் சார். "அப்ப மூடுங்க சார்" என்றார் முத்திருளாண்டி. சார் அன்று மதியமே மூடினார். அவ்வளவு வேகமாக ஒரு கோப்பு மூடப்பட்டு நான் பார்த்ததில்லை.

தன் பெயர் நிரலுக்குள் இருப்பது தெரிந்ததும் முத்திருளாண்டி அதைப் பார்க்க வேண்டுமென்றார். கல்லூரிக்கு அழைத்துப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல நுழைந்தார். அச்சுப் பிரதியில் பெயரைக் காட்டினேன்.

"மிசினு என் பேரைப் படிக்குமா, தாயி?"

"படிக்காதுங்கய்யா. தாண்டிப் போயிரும்."

"அப்புறம் எதுக்கு எழுதுனீக?"

"எங்களுக்குப் பின்னாடி வர்றவங்க, இந்த எண் யார் சொன்னதுன்னு கேட்டா சொல்லணுமே."

அவர் தலையை ஆட்டினார். "அது சரி. கடைசியில என்னமோ எழுதியிருக்கே?"

"கட்டுரை கிடைக்கும்வரைன்னு. பேராசிரியருக்கு எழுதப்போறோம். கட்டுரை வந்தா உங்க பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டிருவோம்."

மீசை இறங்கியது. "அவரு எங்கிட்டு இருக்காரு?"

"வங்காளத்துல இருந்தார். இப்ப ஏதோ வெளிநாட்டுல இருக்காராம்."

"ரொம்பத் தூரந்தேன்" என்றார், சற்றுத் தெம்பாக.

தூரம் அவர் நினைத்ததைவிட அதிகம். வெளிநாட்டுக்குத் தபால் அனுப்பத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு, "எந்த நாடு என்று தெளிவுபடுத்துக" என்று வந்தது. நாட்டைத் தெளிவுபடுத்துவதற்குள் பேராசிரியர் இன்னொரு நாட்டுக்கு மாறிவிட்டார் என்று தெரிந்தது. ஒருவழியாகக் கடிதம் கிளம்பியது. அதன்பின் மௌனம். மழை வந்தது, போனது. சார் ஓய்வு பெற்றார். விடைபெறும் நாளில் நீல மைப் புட்டியை என்னிடம் கொடுத்து, "பதில் வந்தா ஏழாம் விதிப்படி செய்யுங்க" என்றார். வேறு உபதேசம் எதுவும் செய்யவில்லை.

முத்திருளாண்டி மட்டும் மதுரைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். வாசலிலிருந்தே கேட்பார்.

"தாயி, கடுதாசி வந்துச்சா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

"நல்லது. நா வாரேன்."

அப்படிப் போகும்போது அவர் நடையில் ஒரு துள்ளல் இருக்கும். சங்கத் தேர்தலில் "கம்ப்யூட்டருக்குள்ள பேரு இருக்கிற ஒரே ஆளு" என்று சொல்லித்தான் மறுபடி ஜெயித்தாராம். எதிர்த்து நின்றவர் தானும் ஓர் எண் சொல்லத் தயாராக இருப்பதாக எனக்கு ஒரு மனுவே போட்டார்.

கடைசியில் அந்தக் கடிதம் வந்தே விட்டது. மூன்று நாட்டு முத்திரை குத்திய பழுப்பு உறை. உள்ளே கட்டுரையின் பிரதி, நடுங்கும் கையெழுத்தில் மன்னிப்புக் கேட்டு நாலு வரி. பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாம் அட்டவணை, கடைசி வரிசை. வெற்றிலை. அங்கே ஒற்றை எண் இல்லை, ஒரு வீச்சு இருந்தது: ஒன்றிலிருந்து ஒன்றேகால் வரை, மண்ணையும் நிழலையும் பொறுத்து. எங்கள் 1.1 அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

அன்று முத்திருளாண்டியும் மதுரைக்கு வந்திருந்தார். உறையை என் மேசையில் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கய்யா."

"சரி. எடுத்துருங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "சொன்னபடி செஞ்சுருங்க, தாயி. நா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பாலு அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏழாம் விதியை எடுத்து இரண்டு பேருக்கும் உரக்கப் படித்தேன். எண் மாறாதபோது ஆதார அட்டையைத் தொடக் கூடாது. எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பெரிய பத்திரிகைப் பெயராகத் தேடி ஆதாரத்தை மட்டும் அழகுபடுத்துகிறவர்களுக்காக சார் எழுதிய வாக்கியம் அது. எங்கள் எண் மாறவில்லை. மாற்றக் காரணமும் இல்லை.

"ஆனா அட்டையில 'கட்டுரை கிடைக்கும்வரை'ன்னு இருக்கே, தங்கச்சி?" என்றார் பாலு அண்ணன். அவருக்கு அன்றைக்குப் பார்த்து ஒழுங்கு வந்துவிட்டது.

"அது குறிப்பு அட்டை அண்ணே. அது சொல்றதை மிசினே கேக்குறதில்லை. நான் ஏன் கேக்கணும்? விதியைத்தான் கேக்கணும்."

முத்திருளாண்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப என் பேரு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கத்தா."

"இருக்கு. உங்களுக்குக் கீழ பேராசிரியர் வர்றார்."

"கீழயா?"

"கீழ."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அட்டையைத் துளைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். பாலு அண்ணன் இயந்திரத்தை ஓட்டினார். "சரிபார்த்தது" என்று தொடங்கி, பேராசிரியர், பத்திரிகை, தொகுதி, பக்கம், அட்டவணை, வரிசை. நான் நீல மையை எடுத்து, அந்த ஒற்றை அட்டையின் விளிம்பில், கோடு எங்கே கடக்குமோ அங்கே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி வைத்தேன்.

கடைசி எட்டுப் பத்தியில் தேதி: 03-08-83. ஆடிப்பெருக்கு.